தோழர் தோலுரித்த காலம்

முதலாவது அநியாயம், நம்மைக் காட்டுவழியே நடத்திக் கொண்டுவந்து, நடக்கமுடியாமல் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தது. இரண்டாவது, மலையைத் தேயிலைத் தோட்டமாகத் திருத்திக் கொடுத்த பிறகு, நீங்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று வாக்கைப் பறித்தது. மூன்றாவது, இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, ஒரே அடுப்பில் சமைத்த குடும்பத்தைப் பிரித்து, அண்ணனை இந்தியாவுக்குக் கப்பலேற்றித் தங்கையைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் விட்டது. நான்காவது, தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோதும் கம்பனி திரும்ப எடுத்தபோதும் லயத்துக் கூரைத் தகரத்தை மட்டும் யாருமே மாற்றாதது. ஐந்தாவது, சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று போட்டு அரை நாள் சம்பளத்தை விழுங்கியது. ஆறாவது, வலி கண்ட பெண்களைக் கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பி வழியிலேயே பெறவைத்தது. ஏழாவது, எல்லையில் நின்ற பெரிய மரங்களை வெட்டி விற்றது. எட்டாவது, ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டும் என்று ஏற்கனவே கூட்டிய கிலோவை மறுபடியும் கூட்டியது.

இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் அங்காயி கண்டிப்பாக இருந்தாள். கூட்டத்தில் எவனாவது நான்காவதை மூன்றாவதுக்கு முன்னால் சொல்லிவிட்டால் எழுந்து நின்று, "எறங்குடா கீழ. வரிசை தெரியாதவனுக்கு அடுத்து என்ன வரப்போவுதுன்னும் தெரியாது" என்பாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. சங்கத்துத் துண்டுப்பிரசுரங்களை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவள், அதனால் 'அம்மா' என்று எழுதுவதற்கு முன்பே 'வேலைநிறுத்தம்' என்று எழுதப் பழகியவள், தோட்டத்தை நடத்திய மூன்று துரைமார் காலத்திலும் பழைய போலீஸ் ஸ்டேஷன் ஜீப்பில் ஏற்றப்பட்டவள். கரிச்சான்மலைத் தோட்டத்தில் அவள் முன்னால் நின்று நடத்திய போராட்டங்கள் ஒவ்வொன்றும் தோற்றன. போலீஸ் தோற்கடிக்கவில்லை, துரையும் தோற்கடிக்கவில்லை. இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ மா டின் காலியாகி, பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நின்று அழுது, ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு கூடையை எடுப்பான், அவன் பின்னால் லயமே போகும். அதை அவள் யாருக்கும் மன்னிக்கவில்லை, பிள்ளைகளுக்கும் மன்னிக்கவில்லை.

சிலந்தி அவளுக்கு ஏழாவது அநியாயத்தில் கிடைத்தது. பெரிய மரத்தை அறுத்துத் தள்ளியபோது அதன் பொந்திலிருந்து தெறித்து, அவளுடைய கொழுந்துக் கூடைக்குள் விழுந்தது. காலெல்லாம் மயிர், காலுக்கு அடியில் மஞ்சளும் கறுப்புமாகப் புலிக்கோடு. மற்றப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அங்காயி குனிந்து பார்த்து, "ஒன்னையும் வெளிய தள்ளிட்டானுங்களா" என்றாள். மீரான் நானாவின் கடையில் பணிஸ் ரொட்டி போட்டு வைக்கும் பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றை வாங்கி, மரப்பட்டையும் பாசியும் வைத்து, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் வைத்து வளர்த்தாள். தோழர் என்று கூப்பிட்டாள். கரப்பானும் தத்துக்கிளியும் பிடித்துப் போட்டாள்.

தோழர் முதன்முறை தோலுரிக்கத் தயாரானபோது சின்னது, ஓர் எலுமிச்சங்காய் அளவுதான். வயிறு கறுத்து, சாப்பாட்டை நிறுத்தி, மூலையில் போய் ஒடுங்கியது. அதே நாளில் அங்காயிக்குப் பசி நின்றுபோனது. தோலை உரித்துப்போட்டுப் புதிதாக வந்த அன்று அவளுக்குப் பசி திரும்பியது, ஐந்து ரொட்டியை நின்றபடியே தின்றாள். அடுத்த தடவை அது கொஞ்சம் வளர்ந்திருந்தது. அந்த முறை பக்கத்துக் காம்பரா சுகந்திக்கும் அவள் புருஷன் அருளாந்துக்கும் சேர்த்துப் பசி நின்றது. அதற்கு அடுத்த தடவை ஏழாம் லயம் முழுக்க. ஆகவே இப்போது தோழர் விரித்த கை அளவுக்கு வளர்ந்து, வயிறு பழுத்த நாவல்போலக் கறுத்து, போட்ட கரப்பானை முன்காலால் தள்ளிவிட்டு ஒடுங்கிக்கொண்டபோது, மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் இருந்த எல்லா லயங்களிலும் ஒருவருக்கும் பசிக்கவில்லை என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மழை வந்தால் துணியை எடுப்பதுபோல, பெண்கள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக் கவிழ்த்தார்கள்.

அப்போது எட்டாவது அநியாயத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவர் யோகராசா, மீசையை முறுக்கக் கற்றுக்கொள்ளும் வயதிலேயே தலைவரானவன், அங்காயியின் காம்பரா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கோயிலில் நிற்பதுபோலப் போத்தலின் முன்னால் நின்றான்.

"அக்கா, இந்தத் தடவ நாம தோக்கவே முடியாது. வயிறே நம்ம பக்கம்."

"போத்தல்மேல மூச்சு விடாத. சூடு பட்டாச் சீக்கிரம் உரிச்சிரும்."

"அப்போ எப்பிடிப் பிந்த வைக்கிறது?"

அங்காயிக்கு அது தெரியும். ஈரம் இருந்தால் தோல் இளகும். காய்ந்து குளிர்ந்து கிடந்தால் தோழர் தோலுக்குள்ளேயே காத்துக்கிடக்கும். அவள் தின்னாத கரப்பானை எடுத்து வெளியே போட்டாள், ஏனென்றால் உரிக்கும் நேரத்தில் அதையே கரப்பான் கடித்துவிடும். உள்ளே தண்ணீர் வைத்திருந்த மூடியை எடுத்தாள். பாசியைப் பிழிந்து காயவைத்தாள். போத்தலை அடுப்புக்கு எதிர்ச் சுவரிலிருந்து காற்றடிக்கும் பின்சுவர்த் தட்டுக்கு மாற்றினாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு போராட்டத்தின் கடிவாளம் தன் கையில் இருப்பதுபோல அவளுக்கு உடம்பு நிமிர்ந்தது.

தோட்டம் பசியில்லாமல் வாழப் பழகியது, ஆனால் உட்காரப் பழகவில்லை. அதுவரை நாளை நாளாகக் கட்டி வைத்திருந்தது பசிதான் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது போனதும் காலையும் உச்சியும் பொழுதுசாய்வதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எப்போது எழுந்திருப்பது, எப்போது வீடு திரும்புவது என்று தெரியாமல் ஆண்கள் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும் நடந்தார்கள், பெண்கள் வாரிய தலையை அவிழ்த்து மறுபடி வாரினார்கள், பிள்ளைகள் ஒரு விளையாட்டைத் தொடங்கிப் பாதியில் விட்டு இன்னொன்றைத் தொடங்கின, நாய்கள் யாரிடமும் வாலாட்டக் காரணமில்லாமல் தெருவின் நடுவில் நின்று யோசித்தன. மாரியம்மனுக்குப் படைத்த பொங்கலைக் காக்கை தொடவில்லை. எலிகள் மாவுச் சாக்கின்மேல் நடந்துபோயின, கடிக்கவில்லை. குறித்த நாளில் கீழ்ப்பிரிவில் ஒரு கல்யாணம் நடந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து தின்றார்கள், கரிச்சான்மலைக்காரர்கள் பந்துவிளையாட்டுப் பார்ப்பதுபோலச் சுற்றி நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பார்வை தாங்கமாட்டாமல் இலையோடு எழுந்து பாக்குமரத்துக்குப் பின்னால் போய்த் தின்றார்.

உடம்பு மட்டும் மெலிந்தது. கடமைக்குக் காலையில் ஒரு பிடி மாவு, பொழுதுசாய ஒரு பிடி என்று மருந்துபோல விழுங்கினார்கள்; மறந்தவர்கள் மறந்தார்கள். பாவாடை நாடாக்கள் ஒரு முடிச்சு உள்ளே போயின.

"அங்காயி, ஒங்கட பூச்சி எப்பத்தான் திங்கப் போகுது?" என்று மீரான் நானா கடைக்குள்ளிருந்தே கேட்டார். "பணிஸெல்லாம் கல்லாப் போகுது எனக்கு."

"ஒங்க பணிஸ் எப்ப நானா கல்லா இல்லாம இருந்துச்சு?"

நானா சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, யாரும் வராத கடையை மூன்றாவது தடவையாகக் கூட்டத் தொடங்கினார்.

இந்தக் காலத்தில்தான் சுகந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்தபோது ஒரு முறை கத்தியது, அது மூச்சுக்கான சத்தம். அதற்குப் பிறகு கத்தவில்லை. பாலுக்கு வாய் திறக்கவில்லை. மார்பில் வைத்தால் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, விருந்துக்கு வந்து 'வேண்டாங்க, இப்பத்தான்' என்று சொல்லும் பெரிய மனுசிபோல நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியவர்களுக்குப் பசி மறந்திருந்தது. இந்தப் பிள்ளைக்குப் பசி தெரியவே தெரியாது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்து எல்லையைத் தாண்டியதால் ஒன்றும் மாறவில்லை, பசியின்மை ஆளோடுதான் போயிற்று. குழாய் வைத்து ஊற்றிய பால் அப்படியே வெளியே வந்தது. பெரிய டொக்டர் புருவத்தைச் சொறிந்து, பிள்ளைக்குப் பசி எடுக்க மருந்து தன்னிடம் இல்லை, எடுக்கவைக்க முடிந்தால் உடனே செய்யுங்கள் என்று சொல்லி, குழாயையும் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார்.

சுகந்தி நேரே அங்காயியிடம் வந்தாள். சட்டை முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது.

"பால் கட்டிப்போச்சுக்கா. சுவத்துல பீச்சி ஊத்துறேன். இவ வாயத் தொறக்க மாட்டேங்குறா."

"அழுதாளா?"

"அழுதாத்தான் பரவால்லயே."

அங்காயி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளின் அழுகை அவளுடைய போராட்டங்களை உடைத்திருக்கிறது. இது அழாத பிள்ளை. அவள் கேட்டதெல்லாம் இப்படி ஒரு பிள்ளையைத்தான். நெற்றி கிழட்டு நெற்றிபோலச் சுருங்கியிருந்தது. சுண்டுவிரலை வாயருகே கொண்டுபோனாள், உதடு அசையவில்லை. அவள் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள், கொடுத்த பிறகும் கையை மடக்க முடியவில்லை.

அன்றே யோகராசாவைத் தேடிப்போனாள்.

"தலைவரே, பாசிய நனைக்கணும்."

"கொஞ்ச நாள் பொறுங்கக்கா. கொழும்புல பேச்சு நடக்குது. தொரை எறங்கி வர்ற நேரம்."

"புள்ள பொறுக்காது."

"ஒரு புள்ளைக்காக…" என்றவன் தானே நிறுத்திக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "பாதி வழியில எறங்குறவன் கருங்காலின்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாருக்கா?" என்றான்.

"நாந்தான்."

"கருங்காலி பேர பெரட்டுக்களத்துல வாசிக்கிற வழக்கமும் நீங்க கொண்டு வந்ததுதான்."

"அதுவும் நாந்தான்."

வழக்கம் இதுதான்: போராட்டத்தைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும், கண்டவர் ஒருவர் சாட்சி சொல்லவேண்டும், சங்கத்தின் மூத்த ஆள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், எல்லார் முன்னாலும் அந்தப் பேரை உரக்க வாசிக்கவேண்டும், வாசித்த பிறகு அந்த ஆளுக்கு யாரும் நெருப்பும் கொடுக்கமாட்டார்கள், செத்தால் தோளும் கொடுக்கமாட்டார்கள். அப்படி வாசிக்கப்பட்ட ஒருவனை அவன் பெண்சாதி தனியாகத் தள்ளுவண்டியில் வைத்துப் புதைக்கக் கொண்டுபோனதை அங்காயி பார்த்திருக்கிறாள். பார்த்தபோது அவளுக்கு மனம் இளகவில்லை.

துரை இறங்கி வந்தார், யோகராசா சொன்னதுபோலவே. ஆனால் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. ஜீப்பை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, சப்பாத்தில் சேறு படாமல் கல் கல்லாகத் தாண்டி, ஏழாம் லயத்துக்கு நடந்து வந்தார். பின்னால் ஒருவன் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓரத்தில் ரப்பர் வைத்து, உள்ளே சின்ன மின்விசிறி பொருத்திய அழகான பெட்டி.

"அங்காயி, எங்களுக்கும் அவசரம் ஒண்ணும் இல்லே," என்றார் துரை, தோட்டத்தில் பழகிய தமிழில். "நீங்க எத்தனை நாளும் நில்லுங்க. நான் பூச்சியப் பாக்க வந்தேன். இது காய்ஞ்ச இடத்துல இருந்தா உரிக்காதாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. இந்தப் பொட்டியில குளிர் ஒரே மாதிரி நிக்கும். எத்தனை வருஷமும் நிக்கும். பூச்சி கஷ்டப்படாது. எங்களுக்கு வேற தோட்டமும் இருக்கு பாருங்க, அங்கயும் ஆளுங்க சும்மா பசி பசின்னு மா கேக்குறாங்க." அவர் நட்பாகத்தான் சிரித்தார். "யோசிச்சுச் சொல்லுங்க."

பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அங்காயி அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பசிக்காத சனம் வேலை செய்யும், கேட்காது, மெலியும், கேட்காது, பிறக்கும், ஒருமுறை கத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பெட்டியின் சுத்தமான கண்ணாடிக்குள் மலை மலையாக, லயம் லயமாக, கேட்கத் தெரியாத சனம் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டு போவதை அவள் பார்த்தாள். ஒன்பதாவது அநியாயம் வாசலில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கதவைத் திறந்துவிட்டவள் தான் என்பது புரிந்ததும் அவளுக்கு வாய் கசந்தது.

அன்றிரவே அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு ஏழாம் லயத்திலிருந்து புகை வந்தது. பாசியை வெந்நீரில் நனைத்துப் போத்தலுக்குள் வைத்தாள், மூடியில் தண்ணீர் ஊற்றினாள், ஈரச் சாக்கைப் போத்தலைச் சுற்றிக் கட்டி அடுப்பருகில் கொண்டுவந்தாள். ஊற்றும் சத்தம் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும்; லயத்துச் சுவரில் எது கேட்காது? தோழர் மெதுவாக அசைந்து, பட்டுப்போல ஒரு பாய் நெய்து, அதன்மேல் ஏறி, பெருமூச்சு விடுபவரைப்போல மல்லாந்தது.

காலையில் புகையைப் பார்த்து யோகராசா ஓடிவந்தான். அருளாந்தும் கூட வந்தான். எட்டுக் காலும் மேலே மடங்கி, தோழர் அசைவில்லாமல் மல்லாந்து கிடப்பதைப் பார்த்ததும் யோகராசா தலையில் கை வைத்தான்.

"செத்துப்போச்சே!"

செய்தி லயம் லயமாகப் போயிற்று. இது ஊர்வலம் எடுத்துப் பழகிய தோட்டம். சாவு என்றால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் சங்கக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கிவிட்டார்கள், சிவப்புத் துணி கிழித்து ஒரு சின்னப் பாடையே கட்டிவிட்டார்கள், சாவுக்குப் பறையடிக்கும் தப்புக்காரர் மாடசாமி தப்பை நெருப்பில் காட்டிக்கொண்டே வந்துவிட்டார். போராட்டத்தில் உயிர்விட்ட தோழரை முறைப்படி நேராக்கிப் படுக்கவைத்துத் தூக்கவேண்டும் என்று சொல்லி யோகராசா துணியை அவிழ்க்கப் போத்தலுக்குக் கை நீட்டினான்.

அங்காயி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாத. திருப்புனா செத்துரும்."

"செத்துத்தானேக்கா கெடக்கு!"

"உரிக்குது. இப்பத் தொட்டா நாளைக்கு இல்ல, என்னைக்குமே ஒருத்தருக்கும் பசிக்காது. மாடசாமி அண்ணே, தப்பை அடிச்சீங்க, தப்பைக் கிழிச்சிருவேன். அதிருனா ஆகாது."

"அடிக்காத தப்புக்கு நான் எதுக்கும்மா வந்தேன்?" என்று கேட்டார் மாடசாமி.

"நில்லுங்க. எல்லாரும் நில்லுங்க."

அவள் வாசலை மறித்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் உட்காரவும் நிற்கவும் தெரியாமல் திரிந்த சனம் அப்போது நின்றது. பாடையைத் தூக்கியவர்கள் பாடையோடு நின்றார்கள், மாடசாமி தப்பை மார்போடு அணைத்து நின்றார், நானா கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்து நின்றார். யாரும் இருமவில்லை. போத்தலுக்குள் தோழரின் முதுகு ஓட்டில் ஒரு கோடு விட்டது; ஓடு மூடிபோலத் திறந்தது; ஈரமான, வெளிறிய ஏதோ ஒன்று, இறுகிய கையுறைகளிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக இழுப்பதுபோல எட்டுக் கால்களையும் இழுத்து இழுத்து, இளைப்பாறி, மறுபடி இழுத்து, கடைசிக் காலையும் உருவிக்கொண்டு வெளியே வந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் சுகந்தியின் பிள்ளை கத்தியது.

கூரைத் தகரம் அதிரும் கத்தல். எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது, திரும்பிய அதே நொடியில் எல்லார் வயிற்றிலும் அது வந்து விழுந்தது, இத்தனை வாரமும் எங்கேயோ சேர்ந்து காத்திருந்த பசி ஒரே மூட்டையாக. மாடசாமி தப்பைப் போட்டுவிட்டுக் குந்தினார். பாடை கீழே விழுந்தது. நானா கடைக்கு ஓடினார், அவருக்கு முன்னால் தோட்டமே ஓடியது. கல்லாகிப்போன பணிஸ்களைத் தேத்தண்ணியில் கூட நனைக்காமல் கடித்தார்கள். எலிகள் மாவுச் சாக்கைக் கிழித்தன. நாய்கள் எல்லாருக்கும் வாலாட்டின.

மூன்றாம் நாள் கீழ்ப்பிரிவில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு கூடையை எடுத்தான். அவன் பின்னால் பாதி லயம் போனது. கூட்டிய கிலோ கூட்டியபடியே நின்றது. துரை ஆளனுப்பிக் கண்ணாடிப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

யோகராசா பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டான். இளைத்திருந்தான், முகத்தில் அழுகையும் கோபமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. "நாம தோத்துட்டோம்," என்றான். "தோக்கடிச்சது யாருன்னு தெரியும். சாட்சி வேணும். யாரு கண்டது?"

கொழுந்துக் கூடைகள் அசைந்தன. ஒருவரும் முன்னால் வரவில்லை. அங்காயி கூட்டத்தின் முன்வரிசையில், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். தோழருக்குக் கோரைப்பல் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது, கறுத்து இறுகும்வரை எதுவும் போடக்கூடாது. ஆகவே அவளுக்கு வீட்டில் இப்போதைக்கு வேலை இல்லை.

"சுகந்தி, நீ சொல்லு," என்றாள்.

"மாட்டேன்க்கா."

"வாயத் தொறக்கத் தெரிஞ்சவ ஒருத்தி ஒன் கையில இருக்கா. நீ தொறக்க மாட்டியா? சாட்சி சொல்லுடி."

சுகந்தி முன்னால் வந்தாள். பிள்ளை சேலைக்குள் மார்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சத்தம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தது; களம் முழுக்கக் கேட்டது. "தண்ணி ஊத்துன சத்தம் கேட்டுச்சு," என்றாள் சுகந்தி. "என் காதால கேட்டேன். நாந்தான் சாட்சி." சொல்லிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே அந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றாள்.

யோகராசா ஒரு துண்டுத் தாளில் பேரை எழுதினான். எழுதி முடித்துவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். மூத்த ஆள் என்று களத்தில் இருந்தது ஒரே ஒருத்திதான்.

"கொண்டா," என்றாள் அங்காயி. "வழக்கத்த மாத்தாத."

தாளை வாங்கினாள். களத்தில் நின்று பேர் வாசிக்கும் கல்மேல் ஏறினாள். துரையின் பங்களா வரைக்கும் கேட்கும் அந்தப் பழைய குரலில், ஒரு எழுத்தும் விழுங்காமல், சாட்சியையும் சனத்தையும் பார்த்து வாசித்தாள்:

"கரிச்சான்மலைத் தோட்டம், மேற்பிரிவு, ஏழாம் லயம், வீரமுத்து மகள் அங்காயி."